மதிலோரம் எதை வைப்பது: கடதாசிப்பூவா, வெட்சியா?

மதில் கட்டி, பூச்சும் காய்ந்து, பெயின்ற் அடித்த கையோடு எல்லா வீட்டிலும் எழுகிற கேள்வி இது. மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பக்கம் போகிற வழியில் பூங்கன்று விற்கிற எந்த இடத்தில் இறங்கினாலும் முன்வரிசையில் கண்ணில் படுவது இந்த இரண்டும்தான். ஒரு பக்கம் கறுத்தப் பொலித்தீன் பையில் ஊதாவும் செம்மஞ்சளுமாய்க் கடதாசிப்பூ, கடைக்காரர் சொல்லில் போகன்விலா. மற்றப் பக்கம் சிவப்புக் கொத்தோடு எக்சோரா, அதாவது நம்முடைய வெட்சி. கடையில் இரண்டும் அழகுதான். ஆறு மாதம் கழித்து எது அழகாய் நிற்கும் என்பதை உங்கள் வளவு மண்ணும் கிணற்றுத் தண்ணியும்தான் தீர்மானிக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமாய், கடற்கரை மணலில், நாள் முழுக்க வெயில் விழுகிற மதில் என்றால் கடதாசிப்பூ. வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரையிலோ, மாமரமும் பலாவும் நிழல் போடுகிற பழைய வளவிலோ என்றால் வெட்சி. பூவின் நிறம் பிடித்திருக்கிறது என்பதற்காக இதை மாற்றி வைக்கிறவர்கள்தான் பிறகு பசளைக் கடைக்கு நடையாய் நடக்கிறார்கள்.

மண்ணிலிருந்தே தொடங்குவோம். கடலை அண்டிக் கிடக்கிற கரையோர நிலத்தை, கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று தெற்கே காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரைக்கும் எந்த இடத்திலும் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள், மணல்தான். ஊற்றுகிற தண்ணி நின்று பார்க்காமல் கீழே போய்விடும். கடலை அண்டிய மணலில் சிப்பித் தூளும் கலந்திருக்கும். சிப்பி என்றால் சுண்ணாம்பு. அதோடு புதிதாய்க் கட்டிய மதிலிலிருந்து உதிர்ந்த சீமெந்துக் கலவையும் பூச்சுத் துண்டுகளும் அடிமண்ணில் புதைந்து கிடக்கும். ஆக, மதிலோர மண் காரமண். இதுதான் வெட்சிக்கு முதல் எதிரி.

வெட்சி கோப்பிக் குடும்பத்துச் செடி. புளிப்புத் தன்மையுள்ள மண்ணில்தான் அதற்குச் சீவியம். காரமண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. அப்போது என்ன நடக்கும் என்பதை இலையே காட்டிக்கொடுக்கும்: முதிர்ந்த இலைகள் பச்சையாய் இருக்க, நுனியில் வருகிற இளம் இலைகள் மஞ்சளாய் வெளுக்கும், அந்த மஞ்சளுக்குள் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாய்த் தெரியும். இதைப் பார்த்து யூரியா போடுகிறவர்கள் பலர். யூரியாவின் தழைச்சத்துக் குறைந்தால் முதலில் மஞ்சளாவது கீழே இருக்கிற பழைய இலை. நுனியிலை மஞ்சளானால் கதை இரும்பு. பழைய ஆணியையும் தகரத் துண்டையும் அடியில் புதைக்கிற வைத்தியம் ஒன்றும் நம் பக்கம் உண்டு. துருவில் இருக்கிற இரும்பு காரமண்ணில் கரையாது. ஆணி புதைத்த மனத்திருப்தி மட்டும்தான் மிச்சம். இரும்புச் சல்பேட்டுக் கரைசல் தெளித்தால் இலை பச்சை பிடிக்கும், ஆனால் மண் மாறாத வரை அடுத்த தளிர் திரும்பவும் மஞ்சளாகத்தான் வரும்.

இன்னொன்று, அடுப்புச் சாம்பல். விறகடுப்பு எரிகிற வீடுகளில் சாம்பலை அள்ளிக்கொண்டுபோய்ப் பூமரத்தடியில் கொட்டுவது வழக்கம். தென்னைக்குப் போடுங்கள். வெட்சிக்கு மட்டும் வேண்டாம், சாம்பலும் காரம்.

இதே மணலில் கடதாசிப்பூவுக்குப் பெரிய மனக்குறை இல்லை. அதற்கும் இலேசான புளிப்பு மண்தான் விருப்பம் என்றாலும் காரத்தைச் சமாளித்துக்கொள்ளும். அதற்கு உண்மையில் வேண்டியது இரண்டுதான்: வெயிலும், வேரில் தண்ணி தேங்காத நிலமும். இரண்டையும் கடற்கரை மணல் கேட்காமலே கொடுக்கிறது. உப்புக் காற்றையும் அது தாங்கும். பிறப்பிடம் பிரேசில் பக்கம். பிரெஞ்சு மாலுமி லூயி அன்ரோவான் டி போகன்வில் 1766 முதல் 1769 வரை உலகத்தைச் சுற்றி வந்தபோது, அந்தப் பயணத்தில் கூடப் போன தாவரவியலாளர் பிலிபேர் கொமெர்சோன் 1767இல் ரியோ டி ஜெனீரோவில் இதைக் கண்டு சேகரித்து, தலைவரின் பெயரையே வைத்தார். ஆண் வேடம் போட்டுக்கொண்டு கொமெர்சோனுக்கு உதவியாளராய் அவருடைய கப்பலில் போன ஜான் பரே என்ற பெண்தான் உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று இன்று சொல்லப்படுகிறது. நம் முற்றத்து அந்திமந்தாரையும் மூக்கிரட்டைக் கீரையும் இந்தக் கடதாசிப்பூவின் சொந்தக்காரர்தான். மூக்கிரட்டை எப்படிப்பட்ட காய்ந்த மணலிலும் படர்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் குணம் விளங்கும்.

அடுத்தது தண்ணி. நமக்கு மழையில் பெரும்பங்கு ஒக்டோபரில் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டி முடிந்துவிடும். பெப்ரவரிக்குப் பிறகு வெயில். மே, யூன் மாதங்களில் கச்சான் காற்று தொடங்கினால் செடியில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். ஓகஸ்ட், செப்டம்பரில் கரையோரக் கிணறுகளில் தண்ணி அடிமட்டத்துக்கு இறங்கி, பல இடங்களில் சவர் தட்டத் தொடங்கும். மணலுக்குள் நல்ல தண்ணி மெல்லிய படையாய் உவர்த்தண்ணிக்கு மேலே கிடக்கிறது. மோட்டர் போட்டு இறைக்க இறைக்கக் கீழே கிடக்கிற உவர் மேலே ஏறி வரும்.

வெட்சிக்குத் தண்ணி அதிகம் தேவைப்படுவதும் அதே மாதங்களில்தான். வேர் ஆழம் போகாத செடி. வேரைச் சுற்றி எப்போதும் இலேசான ஈரம் இருக்கவேண்டும். முதல் வருடக் கோடையில் ஒன்றுவிட்டு ஒரு நாள், ஊன்றிய பிறகு கிழமைக்கு இரண்டு தரம் என்று நன்றாய் நனைய ஊற்றாவிட்டால் மொட்டு கருகிக் கொட்டும். சவர்த்தண்ணி ஊற்றினால் இலையின் ஓரம் தீய்ந்த மாதிரிக் கபிலமாகும். கடற்கரைப் பக்கம் ஓகஸ்டில் குடிக்கிற தண்ணிக்கே யோசிக்கிற வீட்டில், முப்பதடி நீளத்துக்கு வெட்சி வேலி வைத்தால் யார் ஊற்றுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் அது வீட்டில் இருக்கிற அம்மம்மாவின் தலையில் விழும். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி வீடு கட்டுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

கடதாசிப்பூவின் கதை இதற்கு நேர் எதிர். அதற்குத் தண்ணி கூடினால்தான் வினை. வீட்டுக்கு வருகிற பக்கத்து மாமிமார் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “என்ன மனே, கடையில பூவாக் குலுங்கிச்சு, இங்க வந்தா இலையாத்தான் கிடக்கு. பூவக் காணல்ல?” போய்ப் பார்த்தால் செடி கிணற்றடிக்குப் பக்கத்தில் நிற்கும், அல்லது குளிக்கிற தண்ணி வடிந்தோடுகிற வழியில் நிற்கும், அல்லது மாட்டெருவை மலையாய்க் குவித்திருப்பார்கள். ஈரமும் தழைச்சத்தும் கூடினால் அது கொடியும் இலையும் முள்ளுமாய் ஓடும், பூக்காது. நீண்ட இரவும் வேருக்கு ஒரு காய்ச்சலும் கிடைத்தால்தான் அதற்குப் பூக்கிற எண்ணம் வரும். நாம் பூமத்திய கோட்டுக்கு மிகக் கிட்ட இருப்பதால் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட வராது. அதனால் நம் கையில் இருக்கிற ஒரே கடிவாளம் தண்ணி. மழை விட்டு மண் காய்கிற பெப்ரவரி, மார்ச்சில் கிளைநுனிகளை ஒரு சாண் வெட்டிவிட்டு, இலை வாடத் தொடங்கும் வரை தண்ணியை நிறுத்துங்கள். வாடியதும் ஒரு தரம் நன்றாய் நனைய ஊற்றி, திரும்பவும் காயவிடுங்கள். புதுக் கிளைகளில்தான் பூ வரும்; சில கிழமைகளில் இலையை மறைக்கிற அளவுக்கு வரும்.

பூ என்று நாம் சொல்வது பூவும் அல்ல. ஒரு கொத்தைப் பிடுங்கி உள்ளே பாருங்கள்: மெல்லிய கடதாசி மாதிரி நிறம் பிடித்த மூன்று இலைகள், ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் ஒட்டிக்கொண்டு தீக்குச்சி அளவுக்கு ஒரு சின்னக் குழாய், அதன் வாயில் வெள்ளையாய் ஒரு நட்சத்திரம். அந்த வெள்ளைதான் பூ. நிறம் நாள்கணக்கில் வாடாமல் நிற்பதற்குக் காரணம் அது இலை என்பதுதான். வாசனை கிடையாது.

வாடிய பிறகு அந்த நிற இலைகள் எல்லாம் உதிர்ந்து எங்கே போகும்? முற்றத்துக்கு. கச்சான் அடிக்கிற மாதங்களில் அடுத்த வளவுக்கும் போகும், கூரைப் பீலிக்குள்ளும் போய் அடைக்கும். காலையில் முற்றம் கூட்டுகிறவர் யாரோ, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடுவது குடும்பத்துக்கு நல்லது. அடுக்கு அடுக்காய்ப் பூக்கிற இரட்டை வகை உதிராது என்று சொல்லி விற்பார்கள். உண்மைதான், உதிராது, வாடிக் கபிலமாகிக் கொத்தோடு தொங்கும். மாரி மழையில் அது நனைந்து ஊறிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காது. நம் பக்கத்துக்குப் பழைய ஒற்றை ஊதா வகைதான் தோது. அதுதான் கஷ்டத்துக்கும் நிற்கும்.

முள்ளைப் பற்றி இரண்டு விதமாய்ப் பேசலாம். கட்டாக்காலி மாடுகள் இரவில் வீதியில் திரிகிற ஊரில் முள் ஒரு காவல். மாடு தலையை நுழைக்காது. ஆடு வேறு சாதி, முள்ளுக்குள் வாயை விட்டுத் தளிரை மட்டும் பதமாய்க் கொய்து தின்னும், அதற்கு மதில் உயரம்தான் பரிகாரம். ஆனால் கேற்றுக்குப் பக்கத்தில் இதை வைக்கவே கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிற வழியில், சாரி முந்தானை உரசுகிற இடத்தில், மோட்டர் சைக்கிள்காரரின் கண் மட்டத்துக்கு ஒரு வருடத்தில் கிளை நீண்டு நிற்கும். கேற்றிலிருந்து ஆறடியாவது தள்ளி வையுங்கள். வெட்டிய கிளைகளையும் பாதையில் போடாதீர்கள். காய்ந்த முள் செருப்பையும் துளைக்கும், ரயரையும் துளைக்கும்.

மதிலின் பலத்தையும் பார்க்கவேண்டும். கவனிக்காமல் விட்ட கடதாசிப்பூ இருபதடிக்கு மேலும் ஏறும். ஒற்றைப் புளொக்கல் மதிலில் அது முழுக்கப் படர்ந்து தலைக்கு மேலே பந்தலாய் நின்றால், காற்றுக்கு விரித்துக் கொடுத்த பாய் மாதிரித்தான். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைப் பார்த்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் கடைசியில், மாரிக்கு முன், மதில் உயரத்துக்கு மேலே நிற்பதையெல்லாம் இறக்கிவிடுங்கள். கை நீண்ட உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவேண்டாம். முள் கீறிய இடம் சிலருக்குத் தடித்து அரிக்கும்.

வெட்சி இந்த விசயங்களில் எல்லாம் தங்கமான பிள்ளை. முள் இல்லை, நஞ்சு இல்லை. நாட்டு வெட்சி ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும், குட்டை வகை முழங்கால் உயரத்தோடு நிற்கும். இரண்டடிக்கு ஒன்றாய் நட்டால் சில வருடத்தில் இலைச் சுவராய் அடைத்துக்கொள்ளும். மதிலே இல்லாமல் வேலியாகவே வைக்கலாம். கொத்து வாரக்கணக்கில் நிற்கும், வருடத்தில் பூ இல்லாத மாதம் குறைவு. ஒவ்வொரு பூவும் நீண்ட மெல்லிய குழாய், நுனியில் நான்கு இதழ். அந்தக் குழாயைப் பிடுங்கி அடியிலுள்ள தேனை உறிஞ்சாத பிள்ளை நம் ஊரில் வளர்ந்திருக்க முடியாது. தேன்சிட்டும் பெரிய வண்ணத்துப்பூச்சிகளும் அதே தேனுக்குத்தான் வரும். கடதாசிப்பூவின் குழாய்க்கும் அவை வருவதுண்டு, ஆனாலும் வெட்சிக்கு வருகிற கூட்டம் வராது.

பிறகு, பூசை. வெட்சி இந்த மண்ணின் செடி, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமானது. ஆநிரை கவரப் போன வீரன் சூடிய பூ என்று சங்க காலத்திலிருந்தே அதற்கு இடம் உண்டு. முருகனுக்கு உகந்தது. மண்டூருக்கோ திருக்கோவிலுக்கோ போகிற வீட்டில், வளவில் ஒரு வெட்சி நிற்பது கைக்கு உதவி. கடதாசிப்பூவைச் சாமிக்கு வைப்பதை நம் வீடுகளில் வழக்கமாய்க் கண்டதில்லை. தோரணத்துக்கு வேண்டுமானால் ஆகும். பூசைக்கு நாளும் கொத்தாய்க் கொய்கிற வீட்டில் வெட்சி அடர்த்தியாய் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். கொத்து வருவது கிளைநுனியில். அதைக் கிள்ளினால் கீழேயிருந்து இரண்டு கிளை வெடிக்கும், இரண்டிலும் பூ வரும். மாறாக, சதுரமாய்ப் பெட்டி போல நிற்கவேண்டும் என்று மாதாமாதம் கத்தரிக்கோல் போடுகிறவர்கள் மொட்டையெல்லாம் வெட்டிவிட்டுப் பூக்கவில்லை என்று கவலைப்படுவார்கள்.

வெட்சிக்குத் தொல்லை எறும்பும், அது கொண்டுவந்து வைக்கிற வெள்ளை மாப்போன்ற பூச்சியும். இலையடியில் பூச்சி இருந்தால் மேலே கரி பூசினமாதிரிப் படியும். மென்மையான சவர்க்காரக் கரைசலை இலையின் அடிப்பக்கம் படும்படி, வெயில் தாழ்ந்த பிறகு தெளித்துக் கழுவிவிட்டால் அடங்கும். முசுறு கூடு கட்டினால் பூக் கொய்யப் போகிறவர் கை பத்திரம்.

இவ்வளவு நல்ல பிள்ளையைக் கரையோர மணலில் வைக்கவே முடியாதா என்றால், வைக்கலாம், செலவு செய்யத் தயாரென்றால். மதிலிலிருந்து மூன்றடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, மணலை அள்ளி எறிந்துவிட்டு, படுவான்கரைச் செம்மண்ணோ வண்டல் மண்ணோ கொண்டுவந்து, அதோடு உக்கிய கூட்டெருவும் தும்புத்தூளும் கலந்து நிரப்பவேண்டும். மேலே தென்னந் தும்போ காய்ந்த இலையோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, கோடையில் அதைக் குறையவிடாமல் பார்க்கவேண்டும். இரண்டு மூன்று செடிக்கு, சாமியறைப் பக்கமாய், இதைச் செய்யலாம். முப்பதடி வேலிக்குச் செய்தால் மண் ஏற்றிவந்த உழவு இயந்திரக் கூலியே செடியின் விலையை விழுங்கிவிடும்.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், கணக்கு மாறுகிறது. வயலை அண்டிய களிமண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், சுண்ணாம்புத் தொல்லை பெரும்பாலும் இல்லை. வெட்சி தன்பாட்டில் வளரும். அதே களிமண்ணில் மாரிக்குத் தண்ணி நாள்கணக்கில் நிற்கும். 2011 ஜனவரி வெள்ளம் மாதிரி வந்தால் வளவே குளம். கடதாசிப்பூவின் வேர் அதில் அழுகும். அங்கேயும் அதுதான் வேண்டுமென்றால் ஒன்றரை இரண்டடி உயரத்துக்கு மண் மேடு கட்டி அதன் மேலே வையுங்கள். வெட்சிக்கும் சின்ன மேடு நல்லது, வேரடியில் தண்ணி தேங்கி நின்றால் அதுவும் சந்தோசப்படாது.

நடுகிற காலமும் ஒன்றல்ல. வெட்சியை முதல் மழையோடு, ஒக்டோபரில் நட்டால் கோடை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். கடதாசிப்பூவை மழை ஓய்ந்த பிறகு, ஜனவரி கடைசி, பெப்ரவரியில் நடுவது பாதுகாப்பு. வேர் ஊன்றும் வரைதான் தண்ணி. ஒரு கவனம்: கடதாசிப்பூவின் வேர் நூல் மாதிரி, தொட்டால் அறும். பையைப் பிடித்து இழுக்காமல், கிடங்குக்குள் இறக்கி வைத்து, இரண்டு பக்கமும் பிளேட்டால் கீறி, பொலித்தீனை மட்டும் உருவுங்கள். மண் கட்டி உடைந்தால் செடி மாதக்கணக்கில் முழித்துக்கொண்டு நிற்கும். கடையிலிருந்து வந்த பூ ஒரு கிழமையில் கொட்டினால் பயப்படவேண்டாம், இடம் மாறினால் அது அப்படித்தான். காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் பென்சில் தடிப்பில் முற்றின தடியாய்ப் பார்த்து அயல்வீட்டில் வாங்கி, மணலும் தும்புத்தூளும் கலந்த பையில் ஊன்றலாம். நாலைந்து வைத்தால் இரண்டு என்றாலும் பிழைக்கும். வெட்சித் தடியும் வேர் விடும், ஆனால் மெதுவாக, ஈரமான நிழலில் வைத்தால்தான்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், மாடியில் மட்டும் இடம் உள்ளவர்கள், யோசிக்காமல் கடதாசிப்பூவைச் சாடியில் வையுங்கள். வேர் நெருக்கப்பட்டால் அது கூடவே பூக்கும், ஒரு நாள் தண்ணி ஊற்ற மறந்தாலும் கோபிக்காது. வெட்சி சாடியில் வளராமல் இல்லை. கோடையில் காலையும் மாலையும் தண்ணி கேட்கும். எதை வைத்தாலும் சாடியின் அடியில் மூன்று நாலு ஓட்டை போடுங்கள். கீழே தட்டு வைக்காதீர்கள். மாரிக்கு அதில் நிற்கிற தண்ணியில் நுளம்பு முட்டையிடும். டெங்கு பரிசோதகர் வந்து முதலில் குனிந்து பார்ப்பதும் அந்தத் தட்டைத்தான்.